முகமறியார் நம்பிக்கை: இணையக் குழுமங்களில் சமூக உறவு உருவாகும் முறை – தமிழ் விக்கிப்பீடியாவை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

ஒருவரையொருவர் நேரில் கண்டிராத மக்கள் பல்லாண்டுக் காலம் ஒரே பணியில் இணைந்து உழைப்பது இணையம் பரவிய பின்னர் இயல்பான நிகழ்வாகிவிட்டது. அவர்களுக்கு ஊதியம் இல்லை, மேலதிகாரி இல்லை, எழுதிக் கையொப்பமிட்ட உடன்படிக்கையும் இல்லை. உழைப்போர் பலரின் உண்மைப் பெயர்கூட மற்றவர்க்குத் தெரிவதில்லை. இருப்பினும் அவர்களிடையே நம்பிக்கை உண்டாகிறது. அந்நம்பிக்கையின் பயனாகப் பெரும் அறிவுத் தொகுதிகள் உருவாகின்றன. இஃது எவ்வாறு இயல்கிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாவாகும்.

இவ்வினா சமூகவியலார்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் பயிற்றுவிப்போர்க்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இடுபணி ஒன்று வழங்கப்பட்டதும் மாணவர் முதலில் நாடுவது இணையத்தையே என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவர்கள் கொணரும் செய்திகளுள் பெரும்பகுதி விக்கிப்பீடியா போன்ற கூட்டு முயற்சிகளிலிருந்து வருகிறது. 'அதை நம்பாதீர்' என்று ஒரு வரியில் கூறிவிட்டு நம்முள் பலர் அமைந்துவிடுகிறோம். எதை நம்பலாம், எந்த அளவிற்கு நம்பலாம், அந்நம்பிக்கைக்குரிய சான்று யாது என்பவற்றை நாம் கற்பிப்பது குறைவு. அவற்றைக் கற்பிக்க வேண்டுமாயின், அத்தகைய குழுமங்களில் நம்பிக்கை எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை முதலில் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இக்கட்டுரையின் மையக் கருத்தினை இங்கேயே சுருங்கக் கூறலாம். இணையக் குழுமத்தில் நம்பிக்கை ஆளின்மீது வைக்கப்படுவதற்கு முன்னர், பதிவாகித் திரும்பப் பார்க்கக்கூடிய அவருடைய செயலின்மீது வைக்கப்படுகிறது. ஆனால் அப்பதிவினைப் படித்துத் தேரும் அறிவுடையோர் இல்லாவிடின் அந்நம்பிக்கை வெறும் தோற்றமாக எஞ்சிவிடும். தமிழைப் பொறுத்தவரை அவ்வறிவுடையோர் யாவர் என்பதே நம்மைத் தொடும் செய்தி.

நம்பிக்கையின் பழைய அடித்தளம்

செருமானியச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமன் 1968இல் வெளியிட்ட நூலில், நம்பிக்கை என்பது சமூக வாழ்வின் சிக்கலைக் குறைக்கும் ஒரு வழிமுறை என விளக்கினார். மற்றவர் என்ன செய்வார் என்பதை முற்றாக அறிய எவராலும் இயலாது. ஒவ்வொன்றையும் ஆராய்ந்த பின்னரே செயற்படுவோம் என்றால் எச்செயலும் நடைபெறாது. ஆகவே, அறிந்த சிறிதளவைக்கொண்டு அறியாத பெரும்பகுதியைக் கடக்கிறோம். அவ்வாறு கடக்கத் துணைநிற்கும் 'அறிந்த சிறிதளவு' எது என்பதே சமூகத்திற்குச் சமூகம் வேறுபடுகிறது.

நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் வழங்கிவந்த 'கூட்டு' இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும். ஒரு குழுவினர் மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகையைச் செலுத்துவர்; சேரும் முழுத் தொகையையும் முறைவைத்து ஒவ்வொருவராகப் பெறுவர். முதலில் பெற்றவர் பின்னர்ச் செலுத்தாமல் நின்றுவிட்டால் ஏனையோர்க்கு இழப்பு. அவர் ஏன் அவ்வாறு செய்வதில்லை? அவர் அதே லயத்தில் குடியிருப்பவர். அதே பால்மரக் காட்டில் வேலை செய்பவர். அதே கோயில் திருவிழாவில் நிற்பவர். ஒருமுறை தவறினால் அவர் இழப்பது பணத்தொடர்பை மட்டுமன்று. தம் ஊரையே இழக்க நேரிடும். ஒருவரையொருவர் அறிந்திருத்தலும், நாளையும் அதே முகங்களைக் காண வேண்டும் என்னும் உறுதியும் அங்கு நம்பிக்கையின் அடித்தளமாக விளங்கின. இவ்வேற்பாட்டின்வழி ஏமாற்றமும் நிகழக்கூடும் என்பதால், கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதைத் தடுக்கும் சட்டம் மலேசியாவில் 1971இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்னும் சொல் இடம்பெற்றிருப்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

அமெரிக்க அரசறிவியலாளர் இராபர்ட் ஆக்செல்ராட் 1984இல் வெளியிட்ட ஒத்துழைப்புப் பற்றிய நூலில் இதே உண்மையை வேறொரு வகையில் நிறுவினார். இருவர் மீண்டும் மீண்டும் சந்திக்க நேரும் என்ற நிலையில், தன்னலம் உடையோரிடையேயும் ஒத்துழைப்பு வளரும் என்பது அவர் கண்ட முடிவு. எதிர்காலம் நிகழ்காலத்தின்மீது தன் நிழலை வீழ்த்துகிறது என அவர் இதனை உருவகித்தார். கூட்டுப் பிடித்த நம் முன்னோர் இதனை நடைமுறையில் அறிந்திருந்தனர்.

இணையத்திலோ லயமும் இல்லை, திருவிழாவும் இல்லை. தவறு செய்தவர் வேறொரு பெயருடன் மறுநாள் திரும்பிவர இயலும். அங்ஙனமாயின் எதிர்காலத்தின் நிழல் அங்கு எங்ஙனம் வீழ்கிறது?

முன்னோடி முயற்சி: மதுரைத் திட்டம்

தமிழில் இவ்வினாவிற்குக் கிடைத்த முதல் விடைகளுள் ஒன்று மதுரைத் திட்டமாகும். தமிழ் இலக்கியங்களை மின்னுரைகளாக்கி எவரும் விலையின்றிப் பெறச் செய்யும் நோக்குடன் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழும் அறிவியலறிஞர் முனைவர் கு. கல்யாணசுந்தரம் இதனை ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர் நூல்களைத் தட்டச்சுச் செய்து அனுப்பினர்.

இங்குக் கருத்திற்கொள்ள வேண்டியது பணி பகுக்கப்பட்ட முறையாகும். ஒருவர் தட்டச்சுச் செய்ததை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். மின்னுரையின் தொடக்கத்தில் உள்ளிட்டவர், மெய்ப்புத் திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் நன்றியுடன் பொறிக்கப்பட்டன. ஒருவர் செய்த பணி அவர் பெயருடன் நிலையாக நின்றது. பிழை மலிந்தால் அதுவும் அப்பெயருடன் நிற்கும். முகம் தெரியாத நிலையிலும் பெயரும் பணியும் பிரியாமல் இணைக்கப்பட்டதால், அடுத்த நூலை அவரிடம் ஒப்படைக்கலாமா என்ற வினாவிற்கு முந்தைய நூலே விடையாயிற்று. கூட்டுப் பிடித்தவர்க்கு ஊர் எதுவோ, இத்தன்னார்வலர்க்கு அப்பெயர்ப்பதிவு அதுவாயிற்று எனலாம்.

எனினும் மதுரைத் திட்டத்தின் பணி ஒரு வகையில் எளிமையுடையது. மூலநூல் முன்னே இருக்கிறது. சரியா தவறா என்பதை ஒப்பிட்டு முடிவு செய்துவிடலாம். மூலமே இல்லாத, பலர் கூடிப் புதிதாக எழுதும் ஓர் ஆக்கத்தில் நம்பிக்கைக்கு இதனினும் விரிவான ஏற்பாடு தேவைப்படுகிறது. அதற்கு நாம் தமிழ் விக்கிப்பீடியாவை நோக்குதல் தகும்.

பதிவும் மீட்பும்: விக்கிப்பீடியாவின் அமைப்பு

விக்கிப்பீடியா தோன்றுவதற்கு முன்னர், அதே தோற்றுநர்கள் 2000ஆம் ஆண்டில் நியூப்பீடியா எனும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினர். துறையறிஞர் எழுத, ஏழு படிநிலைகளில் மதிப்பீடு செய்து வெளியிடுவது அதன் முறை. அதாவது, வெளியிடுவதற்கு முன்னரே நம்பிக்கையை உறுதிசெய்ய முயன்றனர். 2003இல் அது நிறுத்தப்பட்டபோது, எல்லாப் படிநிலைகளையும் கடந்த கட்டுரைகள் 25 அளவிலேயே இருந்தன. 2001 சனவரி 15இல் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா இம்முறையைத் தலைகீழாக மாற்றியது. முதலில் எழுதுக, பின்னர்ப் பலரும் திருத்துக என்பது அதன் நெறி.

இந்நெறி இயங்குவதற்கு அடிப்படையாக நான்கு ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு பக்கத்திற்கும் உரிய வரலாறு. யார், எந்நாளில், எந்நேரத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அங்கே பதிவாகிறது. இரண்டாவது, மீட்பு. பழைய வடிவங்கள் அழிவதில்லையாதலால், ஒருவர் ஒரு பக்கத்தைச் சிதைத்தாலும் மற்றொருவர் ஒரே சொடுக்கில் முன்னைய நிலையை மீட்டுவிடலாம். மூன்றாவது, உரையாடல் பக்கம். கட்டுரையில் கருத்து மாறுபாடு எழுமாயின் அது கட்டுரைக்குப் புறத்தே, ஆனால் எவரும் படிக்கத்தக்க வகையில் பேசப்படுகிறது. நான்காவது, மேற்கோள். எழுதுபவரின் தகுதியைக் கேளாமல், எழுதியதற்குரிய வெளியிடப்பெற்ற சான்றினைக் கேட்பதே அங்கு வழக்கம்.

இவற்றுள் மீட்பு என்பது தனியாகச் சிந்திக்கத்தக்கது. கூட்டில் ஒருவர் ஏமாற்றினால் போன பணம் மீள்வது அரிது. ஆகவே, சேர்ப்பதற்கு முன்னரே ஆளை ஆராய வேண்டியுள்ளது. விக்கிப்பீடியாவிலோ தவற்றினால் விளையும் கேடு பெரும்பாலும் சிறிது. அதைச் சரிசெய்யும் செலவும் சிறிது. ஆகவே, புதியவர் எவராயினும் அவர் நல்லெண்ணத்துடன் வந்திருக்கிறார் எனக் கொண்டு கதவைத் திறந்துவைக்க முடிகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாகப் பதிவு செய்வோரின் பக்கத்தில் 'வாருங்கள்' என்னும் வரவேற்பு இடப்படுவது இதன் வெளிப்பாடேயாகும். அங்குள்ளோர் நம்மினும் பெருந்தன்மை மிக்கவர் என்பது இதன் பொருளன்று. பெருந்தன்மையாக நடந்துகொள்வதற்கு அமைப்பு இடந்தருகிறது என்பதே பொருள்.

நம்பிக்கை படிப்படியாக வளர்வதையும் இவ்வமைப்பில் காணலாம். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதில் ஒருவர் தொடங்குகிறார். பின்னர் ஒரு பத்தியைச் சேர்க்கிறார். பின்னர் ஒரு கட்டுரையை எழுதுகிறார். பக்கங்களை நீக்கவும், தீங்கிழைப்போரைத் தடுக்கவும் வல்ல நிருவாகியாக அவரை ஆக்கலாமா என்னும் கேள்வி எழும்போது, சக பயனர்கள் அவருடைய பங்களிப்புப் பட்டியலைப் பார்த்து ஆதரவோ மறுப்போ தெரிவிக்கின்றனர். அப்பட்டியலில் அவருடைய உழைப்பும், பொறுமையும், சினமும் ஒருங்கே பதிவாகியுள்ளன. எதிர்காலத்தின் நிழல் இங்ஙனம் இறந்தகாலப் பதிவின் வழியாக வீழ்கிறது. பெயரை மாற்றிக்கொண்டு திரும்புபவர் தண்டனையிலிருந்து தப்பலாம். ஆனால் ஈட்டிய நம்பிக்கையையும் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

கருத்து வேறுபாடும் உறவும்

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அதன் தொடக்கக் காலப் பங்களிப்பாளருள் முதன்மையானவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞரான அவர், ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதினை அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது. அவரைத் தொடர்ந்து தமிழ்நாடு, இலங்கை, ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் எனப் பல நிலங்களில் வாழ்வோர் இணைந்தனர். 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தாண்டியது.

இவ்வாறு பல நிலத்தார் கூடியபோது முதலில் எழுந்தது மொழிச் சிக்கலாகும். கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா, பிறமொழிப் பெயர்களை எங்ஙனம் எழுதுவது, கலைச்சொற்களுள் எந்நாட்டு வழக்கினை ஏற்பது என்பன நெடிய விவாதங்களாயின. வைரஸ், வைரசு, நச்சுயிரி, தீநுண்மி என்பவற்றோடு மலேசியாவில் வழங்கும் நச்சில் என்பதையும் சேர்த்தால், ஒரு பொருளுக்கு ஐந்து சொற்கள் ஆகிவிடும். ஆஸ்திரேலியாவா அவுஸ்திரேலியாவா என்பதும் இத்தகையதே. நேரில் கூடியிருந்தால் பிரிந்து சென்றிருக்கத்தக்க கருத்து மாறுபாடுகள் இவை.

இதற்கு 'வழிமாற்று' எனும் ஏற்பாடு பெரிதும் துணைசெய்தது. ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்து, ஏனைய வழக்குகளைத் தேடுவோரும் அதே பக்கத்தை அடையுமாறு செய்துவிடலாம். எவருடைய சொல்லும் புறந்தள்ளப்படுவதில்லை. தலைப்பு பற்றிய மாறுபாடு அதனால் முற்றாகத் தீர்ந்துவிடாது. ஆனால் தோற்றவர் வெளியேற வேண்டிய தேவை இல்லாது போகிறது. பொதுவான செய்திகளைப் பேசும் பக்கத்திற்கு இக்குழுமம் 'ஆலமரத்தடி' எனப் பெயரிட்டிருப்பதும் கருதத்தக்கது. ஊர்ப் பொதுவிடத்தின் நினைவினை அப்பெயர் தாங்கி நிற்கிறது. ஆனால் அங்குப் பேசப்படுவன அனைத்தும் எழுத்தில் நிலைபெறுகின்றன என்பது பழைய ஆலமரத்தடிக்கு இல்லாத இயல்பாகும்.

அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையில், நெருங்கிய உறவினரையும் நண்பரையும் காட்டிலும் மேலோட்டமாக அறிந்தவர் வழியாகவே புதிய செய்திகள் ஒருவரை எட்டுகின்றன என எடுத்துக்காட்டினார். நெருங்கியோர் அறிந்தவற்றைப் பெரும்பாலும் நாமும் அறிந்திருப்போம் என்பதே அதன் காரணம். யாழ்ப்பாணத்துப் பயனர் ஒருவர் ஈப்போவைப் பற்றிய கட்டுரையைப் படித்து ஐயம் வினவுவதும், ஈப்போவில் வாழ்பவர் அதற்கு விடையளிப்பதும் இத்தகைய மெல்லிய இழைகளே. அவை பலவாகிப் பின்னும்போது உறவு உறுதிப்படுகிறது. 2013இல் தமிழ் விக்கிப்பீடியாவின் பத்தாம் ஆண்டு நிறைவை ஒட்டிச் சென்னையில் பயனர்கள் நேரில் கூடினர். ஊரில் முதலில் உறவு, பின்னர்க் கூட்டுப்பணி. இங்கோ முதலில் கூட்டுப்பணி, பின்னர் உறவு.

உரையாடாதோர் பெறாத நம்பிக்கை

நம்பிக்கை எதனால் உண்டாகிறது என்பதை, அஃது உண்டாகாத இடத்தினைக் கொண்டும் அறியலாம். 2009ஆம் ஆண்டளவில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட சில மொழிகளுக்குக் கொணரும் திட்டத்தை மேற்கொண்டது. நீண்ட கட்டுரைகள் விரைந்து சேர்ந்தன. எண்ணிக்கையை மட்டும் கருதுவோர் இதனை வரவேற்றிருப்பர்.

ஆனால் குழுமத்தினர் மனநிறைவு கொள்ளவில்லை. நடை இயந்திரத்தன்மையுடன் இருந்தது. தமிழ் வாசகர்க்குத் தேவையற்ற தலைப்புகள் பல இருந்தன. கட்டுரைகள் பதிவேற்றப்பட்ட பின்னர்த் திருத்தப்படவில்லை. அனைத்திற்கும் மேலாக, உரையாடல் பக்கத்தில் எழுப்பப்பட்ட வினாக்களுக்கு எழுதியவர் விடையளிப்பது அரிதாக இருந்தது. தமிழ் விக்கிப்பீடியர் இத்திட்டத்தை ஆராய்ந்து, போலந்தின் கதான்ஸ்க் நகரில் 2010இல் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் தம் மதிப்பீட்டை முன்வைத்தனர். தலைப்புகளைக் குழுமத்துடன் கலந்து தெரிவுசெய்தலும், சேர்த்தவற்றைத் திருத்துதலும் இன்றியமையாதன என்பது அவர்தம் நிலைப்பாடு.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. ஊதியம் பெற்றமை நம்பிக்கைக்குத் தடையாகவில்லை. அயலார் என்பதும் தடையாகவில்லை. கேட்டால் விடை சொல்பவராக அவர்கள் இல்லாமையே தடையாயிற்று. பங்களிப்பின் அளவு எத்துணைப் பெரிதாயினும், பொறுப்பேற்றல் இல்லாதவிடத்து நம்பிக்கை பிறப்பதில்லை.

நம்பிக்கை பிழைத்த இடங்கள்

இவ்வமைப்பு குறையற்றது என நாம் கொள்ளலாகாது. அது பிழைத்த மூன்று நிகழ்வுகளை இங்கு நோக்குவது பயனுடையதாகும்.

முதலாவது, 2005இல் நிகழ்ந்தது. அமெரிக்க இதழாளர் ஜான் சீகந்தாலரைக் கென்னடி கொலைகளோடு தொடர்புபடுத்தும் பொய்ச்செய்தி ஒன்று அவரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் இடம்பெற்று, ஏறத்தாழ நான்கு மாதங்கள் எவர் கண்ணிலும் படாது நின்றது. மீட்பு எனும் ஏற்பாடு இருந்தும், மீட்பதற்கு ஆள் பார்க்கவில்லை. அதன் பின்னர், பதிவு செய்யாதோர் புதிய பக்கம் தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியது. அதே ஆண்டு திசம்பரில் நேச்சர் இதழ் 42 அறிவியல் தலைப்புகளில் நடத்திய ஒப்பீட்டில், விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாக நான்கு பிழைகளும், பிரித்தானிக்காக் கட்டுரை ஒன்றுக்கு மூன்று பிழைகளும் காணப்பட்டதாக அறிவித்தது. பிரித்தானிக்கா நிறுவனம் அவ்வொப்பீட்டின் முறையை மறுத்துரைத்தது. பலர் பார்க்கும் கட்டுரை தேறுகிறது; எவரும் பாராத கட்டுரை கெடுகிறது என்பதனை இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்குவார் உணர்வர்.

இரண்டாவது, 2007இல் வெளிப்பட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் உயர்பொறுப்பு வகித்த பயனர் ஒருவர், தாம் சமயவியல் பேராசிரியர் எனக் கூறிவந்தார். அவர் அத்தகைய பட்டம் எதுவும் இல்லாத 24 வயது இளைஞர் என்பது தெரியவந்தபோது பெரும் சலசலப்பு ஏற்பட்டது, அவர் விலகினார். அவருடைய தொகுப்புகள் பதிவில் இருந்தமையால் அவற்றை மீளாய்வு செய்ய முடிந்தது. செயலுக்குச் சான்று இருந்தது. பட்டத்திற்கு அங்குச் சான்று இல்லை. விவாதத்தில் பட்டத்தை முன்னிறுத்தியபோதே அவர் அக்குழுமத்தின் அடித்தளத்திலிருந்து விலகிவிட்டார் எனலாம்.

மூன்றாவது நிகழ்வே நம்மை மிகுதியும் சிந்திக்க வைப்பது. ஸ்காட்லாந்தில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் பல்லாயிரம் கட்டுரைகள், அம்மொழியை அறியாத அமெரிக்கப் பதின்ம வயதினர் ஒருவரால் எழுதப்பட்டவை என்பது 2020 ஆகஸ்டில் வெளிப்பட்டது. ஆங்கிலச் சொற்களின் எழுத்தை மாற்றியும், அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்தியும் அவர் எழுதியிருந்தார். அவர் தீயெண்ணம் உடையவர் அல்லர். அம்மொழிக்குத் தொண்டு செய்வதாகவே கருதியிருந்தார். வரலாறு, மீட்பு, உரையாடல் பக்கம் ஆகிய அனைத்தும் அங்கும் இருந்தன. உழைப்பின் பதிவினைக் கண்டு அவருக்கு நிருவாகப் பொறுப்பும் வழங்கப்பட்டது. பல்லாண்டுக் காலம் இது நீடித்ததற்குக் காரணம், அம்மொழியை அறிந்தோர் போதிய அளவில் அங்கு வந்து படிக்காமையே.

தமிழாசிரியர்க்குரிய இடம்

தமிழ், பேசுவோர் தொகையால் ஸ்காட்ஸ் மொழியின் நிலையில் இல்லை. ஆயினும் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட கட்டுரைகளை முனைப்புடன் கண்காணிப்போர் சில நூற்றுவர் அளவினரே. பொதுவான தலைப்புகளில் அவர்களுடைய விழிப்பு பாராட்டத்தக்கது. ஆனால் யாப்பிலக்கணம், கல்வெட்டியல், மலேசிய சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாறு முதலிய துறைகளில் பிழையைக் கண்டவுடன் இனங்காணும் பயிற்சியுடையோர் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் பள்ளிகளிலுமே உள்ளனர். அவர்கள் புறத்தே நின்று 'நம்பாதீர்' என்று கூறும் வரையில், அவர்கள் சுட்டும் குறை குறையாகவே நீடிக்கும். இன்று இயந்திரங்கள் நொடிப்பொழுதில் தமிழ் உரையை ஆக்கித் தருகின்றன. அவ்வியந்திரங்கள் மொழியைக் கற்பது இத்தகைய திறந்த தொகுதிகளிலிருந்தும்தான். ஆகவே, இன்று திருத்தப்படாத பிழை நாளை பல வாய்களால் பேசப்படும்.

கற்றோர் விலகிநிற்பதற்கு ஒரு காரணமும் உண்டு. பல்லாண்டு ஆராய்ந்து பட்டம் பெற்ற ஒருவர் ஒரு கட்டுரையைத் திருத்துகிறார். பெயர் தெரியாத ஒருவர் 'இதற்கு மேற்கோள் தேவை' என்று குறிப்பிடுகிறார். அஃது அவமதிப்பாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் நம் ஆய்வேடுகளில் மாணவரிடம் நாம் கேட்பதும் அதுவே அன்றோ? அக்குழுமத்தில் நம் பட்டத்திற்கு மதிப்பில்லை என்பது சரியன்று. சான்றினைக் கண்டறிந்து தரும் ஆற்றலாகவே அப்பட்டம் அங்கு மதிப்புப் பெறுகிறது. இணையத்தில் கிடைக்காத அச்சு நூலும் ஏற்கத்தக்க சான்றே என்பதால், நம் துறை நூலகங்களில் உறங்கும் இதழ்களும் மலர்களும் அங்குப் பெரும்பயன் தரக்கூடியவை.

வகுப்பறையில் செய்யத்தக்கனவும் சில உள. மாணவர் ஒரு கட்டுரையைப் பயன்படுத்துமுன் அதன் வரலாற்றைத் திறந்து, எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாகத் திருத்தியுள்ளனர் எனக் குறித்துவரச் செய்யலாம். உரையாடல் பக்கத்தில் என்ன மாறுபாடு பேசப்பட்டது என எழுதச் செய்யலாம். ஒரு மேற்கோளையாவது மூலநூலில் தேடிச் சரிபார்க்கச் செய்யலாம். அடுத்த நிலையில், நாம் நன்கறிந்த தலைப்பு ஒன்றில் அவர்களையே பங்களிக்கச் செய்யலாம். 1935இல் தொடங்கப்பெற்ற தமிழ் முரசு, அதன் தோற்றுநர் கோ. சாரங்கபாணி, துன் வீ. தி. சம்பந்தன், பத்துமலை முதலிய தலைப்புகளில் அச்சு நூல்களிலிருந்து ஒரு சான்றினைச் சேர்ப்பதே போதுமான இடுபணியாகும். தாம் எழுதியதை அயலார் ஒருவர் திருத்துவதையும், காரணம் கேட்பதையும், நன்றி கூறுவதையும் மாணவர் அங்கு நேரில் காண்பர். நம்பிக்கை எவ்வாறு ஈட்டப்படுகிறது என்பதை இதனினும் தெளிவாக விரிவுரையால் விளக்க இயலாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இணையக் குழுமங்களில் நம்பிக்கை தானாகத் தோன்றுவதில்லை என்பது போதரும். செயல் பதிவாதல், தவறு மீட்கத்தக்கதாதல், மாறுபாடு வெளிப்படையாகப் பேசப்படுதல், கேட்டால் விடை கிடைத்தல் ஆகியன ஒருங்கிணையும்போது அது வளர்கிறது. கூட்டில் ஊர் ஆற்றிய பணியினை இங்குப் பதிவேடு ஆற்றுகிறது. ஆயின் பதிவேட்டைப் படிப்பார் இல்லையேல் அது காவலாகாது.

தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பியோருள் பலர் பொறியாளர், மருத்துவர், மாணவர், இல்லத்தரசியர், பிற தொழில் புரிவோர் எனப் பல திறத்தினர். தமிழையே தொழிலாகக் கொண்ட நாம் அவர்களுக்குத் தர வேண்டியது நீண்ட கட்டுரைகளாக இருக்க வேண்டுவதில்லை. வாரம் ஒருமுறை, நம் துறை சார்ந்த ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு பிழையைத் திருத்தி, அதற்குரிய சான்றினைக் குறித்துவிட்டு வந்தால் அதுவே நற்றொடக்கமாகும்.